ஆறு பேர் பாரம்

வாகனச் சோதனை நிலையத்து ஸுஹைர் என் பென்ஸ் டாக்ஸியைத் திருப்பி அனுப்பியது அன்றைக்கு இரண்டாவது முறை.

"லைட்டு ரொம்பத் தாழ்வா இருக்குண்ணே. மெஷின் ஒத்துக்க மாட்டேங்குது."

"ஆறு பேரை ஏத்திக் காட்டுறேன், அப்பக் கேளு உன் மெஷினை."

"காலி வண்டியிலதான் பாக்கணும். அதான் விதி."

காலி வண்டியாம்! தாஸா நகரத்துக்கும் மலைமேல் இருக்கும் அக்னூலுக்கும் நடுவே இருபத்தாறு வருஷமாக ஓட்டுகிறேன். முன்னால் என் பக்கத்தில் இரண்டு பேர், பின்னால் நான்கு பேர். ஆறாவது ஆள் வராமல் ஸ்டாண்டை விட்டு ஒரு டாக்ஸியும் நகராது. எல்லோரும் ஏறினால் வண்டியின் பின்பக்கம் அமுங்கி மூக்கு தூக்கும். விளக்கு எதிரே வருகிறவன் கண்ணைக் குத்தும். அப்படித்தான் என் தம்பி அல்லால் மோட்டார் சைக்கிளோடு பள்ளத்துக்குள் விழுந்து செத்தான். எதிரே வந்தது எங்கள் ஸ்டாண்டு வண்டிதான். அன்று காலை இதே நிலையத்தில் பாஸான வண்டி.

அன்றிலிருந்து நான் ஆறு பேரை உட்காரவைத்துத்தான் விளக்கைச் சரிசெய்கிறேன். ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள ஹம்மாம், அதாவது பொதுக் குளியல் கூடத்தின் சுவரில் அதற்காகச் சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கிறேன். இதையெல்லாம் ஸுஹைரிடம் சொன்னேன். அவன் பேனாவை நோண்டிக்கொண்டு நின்றான்.

"பாவம்தான்ணே. ஆனா இன்னிக்கோட உங்க சான்று முடியுது. நாளைக்கு வண்டி ரோட்டுல நின்னா போலீஸ் தூக்கிட்டுப் போயிடும்."

அல்லாலின் மனைவி மக்களுக்கும் இந்த வண்டிதான் சோறு போடுகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு விளக்கையும் மேலே திருகினேன். மெஷின் சந்தோஷமாக ஒத்துக்கொண்டது. அவனும் முத்திரை குத்தினான். அந்த முத்திரையை அவன் நெற்றியிலேயே குத்த வேண்டும்போல் இருந்தது எனக்கு.

ஸ்டாண்டுக்கு வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. ஐந்து பேர் ஏறிக் காத்திருந்தார்கள். ஆறாவதாகப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவன் யார் தெரியுமா? அதே ஸுஹைர். வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஊருக்குப் போகிறானாம்.

"என்னண்ணே, கோவம் போச்சா?" என்று சிரித்தபடி முன்சீட்டில் நெருக்கி உட்கார்ந்தான்.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. வண்டியைச் சுவரைப் பார்க்கத் திருப்பி விளக்கைப் போட்டேன். வெளிச்சம் சுண்ணாம்புக் கோட்டுக்கு ஒரு முழம் மேலே விழுந்தது.

"எறங்குடா. அந்தச் சுவத்துகிட்டப் போய் நில்லு."

"எதுக்குண்ணே?"

"எறங்குன்னா எறங்கு!"

அவன் இடத்தில் சக டிரைவர் ஹம்மாதியை உட்கார வைத்தேன். ஸுஹைர் சுவரோரம் போய் நின்று திரும்பினான். உடனே இரண்டு கையாலும் முகத்தை மறைத்துக்கொண்டான்.

"கையை எடு! ஹேண்டில் பாரைப் புடிச்சிருக்கிறவன் கையை எடுக்க முடியுமா? ரோடு தெரியுதா சொல்லு!"

"தெரியலண்ணே... ஒண்ணுமே தெரியல."

"என் தம்பிக்கும் தெரியல."

பின்சீட்டில் இருந்த ஒரு அம்மா, "யா அல்லாஹ்" என்றாள். நான் இறங்கிப்போய்த் திருப்புளியை ஸுஹைரின் கையில் வைத்தேன்.

"முத்திரை குத்தின கைதானே? அந்தக் கையாலேயே எறக்கு."

அவன் வண்டி முன் மண்டியிட்டுத் திருகினான்.  ஜன்னலில் தலை நீட்டி, "இன்னும் கொஞ்சம் எறக்குய்யா, இன்னும் கொஞ்சம்" என்று அந்த அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். வெளிச்சம் கோட்டில் வந்து உட்கார்ந்தது.

ஹம்மாதி இறங்கினான், ஸுஹைர் பழையபடி ஏறிக்கொண்டான், கிளம்பினோம். அல்லால் விழுந்த வளைவில் எதிரே ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. பழக்கத்தில் என் கால் பிரேக்குக்குப் போனது. ஓட்டியவன் முகம் சுளிக்காமல் எங்களைக் கடந்து தன் வழியே போனான்.

ஸுஹைர் மெல்லக் கேட்டான். "அண்ணே, இன்னிக்கு நான் எத்தனை வண்டிக்கு லைட்டு தூக்கச் சொன்னேன் தெரியுமா?"

"எனக்கு எதுக்குச் சொல்றே?" என்று கத்தினேன். "அத்தனை பேரும் இந்த ரோட்டுலதான் வந்துட்டிருக்கான். எண்ணிக்கிட்டே வா."