முப்பிடாதி முன்னால் இரண்டு பொட்டலம்

ராக்கப்பன் இரண்டு பூவரச இலைகளிலும் வெள்ளரளியையே வைத்து மடித்தான். மடித்து நார் சுற்றிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று முன்னும் பின்னும் திரும்பினான். பார்ப்பதற்கு அங்கே ஒரு வேப்பமரமும் முப்பிடாதி அம்மனும்தான் இருந்தார்கள். வேப்பமரத்தின் மேல் அவனுக்குக் கொஞ்சம் சந்தேகம் விழுந்தது. அம்மன் பக்கம் அவன் கண்ணைக் கொண்டுபோகவே இல்லை.

ஒன்றில் செவ்வரளி, ஒன்றில் வெள்ளரளி வைத்து அம்மன் காலடியில் போட்டு, எதில் எது என்று தெரியாத ஒருவரை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்லவேண்டும். அதுதான் வழக்கம். சிவப்பு வந்தால் வீட்டிலிருக்கும் கடைசி நாலு படி விதைக்கம்பை, மழைக்கு முன்பே புழுதியில் விதைத்துவிடுவது. வெள்ளை வந்தால் குத்திக் கஞ்சி காய்ச்சிக் குடித்துவிடுவது. விதைத்து மழை வராமல் போனால் எறும்புக்கும் குருவிக்கும் விருந்து. ராக்கப்பனும் பெண்டாட்டி குருவம்மாளும் நாலு வயது மகள் மாரியாத்தாளும் பட்டினி. குடித்துவிட்டால் பதினைந்து நாள் உயிர் தங்கும். அதற்கப்புறம் வானமே உடைந்து ஊற்றினாலும் மண்ணில் போட ஒரு மணி இருக்காது. விதைக்கவேண்டும் என்று நின்ற குருவம்மாள், கடைசியில் அம்மன் சொல்லட்டும் என்றாள். சரி என்று தலையாட்டினான் ராக்கப்பன். அம்மனைச் சொல்லவிடக்கூடாது என்று முடிவெடுத்ததும் அவன்தான்.

விக்டோரியா ராணி கண்ணை மூடுவதற்கு முந்தின புரட்டாசி அது. மழை பெய்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. ராஜபாளையத்துக் கண்மாய்த் தவளைகளுக்கு நீச்சல் மறந்துபோய், நடந்து திரிந்தன. ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தின் நிழல்கூட வெயில் பொறுக்காமல் காலையிலேயே கோபுரத்துக்குள் ஏறி ஒதுங்கிக்கொண்டது. செண்பகத்தோப்பு மலையில் மட்டும் தினமும் மேகம் கூடும். கூடி, கரிசல்காட்டை எட்டிப்பார்க்கும். ஓகோ, இவர்கள்தானா என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டு மலையாளத்துப் பக்கம் இறங்கிவிடும். அந்த மேகத்தை நம்பி ராக்கப்பன் இரண்டு வருஷம் புழுதியில் விதைத்துப் பார்த்துவிட்டான். முதல் வருஷ விதை எறும்புக்கு. இரண்டாம் வருஷ விதையை எறும்பே சலித்துப்போய்க் குருவிக்கு விட்டுக்கொடுத்தது.

அவன் பிறவியிலேயே சந்தேகக்காரன்தான். தாலி கட்டிய கையோடு முடிச்சை மூன்று தரம் இழுத்துப் பார்த்தவன். தன் நிழல் பின்னால் வந்தால் நின்று, அதை முன்னே போகவிட்டு நடப்பவன். விதைக் கலயத்தின் வாயைச் சாணியால் அடைத்து, ஈரம் காயுமுன் ஐந்து விரலையும் பதித்து வைத்திருந்தான். தினமும் காலையில் எழுந்து, தன் விரல்களையே அந்தப் பள்ளங்களில் பொருத்திப் பார்ப்பான். சரியாகப் பொருந்தினால், ஏன் இவ்வளவு சரியாகப் பொருந்துகிறது என்று அதற்கும் ஒரு யோசனை.

இரண்டும் வெள்ளை. யார் எடுத்தாலென்ன? ஆனாலும் நியாயமாக நடந்த மாதிரி இருக்கவேண்டுமே! பொட்டலங்களை அம்மன் காலடியில் வைத்துவிட்டு, குருவம்மாளைக் கோயில் வாசலில் துடைப்பத்தோடு விட்டுவிட்டு, ஆள் பிடிக்க ரஸ்தாவுக்குப் போனான். செத்த நேரத்தில் கழுதையும் உப்பு மூட்டையுமாகக் கான்சாபுரம் போய்க்கொண்டிருந்த பீர் மைதீன் ராவுத்தரை ஓட்டிக்கொண்டு வந்தான்.

"உங்க சாமி முன்னால நான் என்னத்தலே எடுக்க? நாலு பேரு பாத்தா என்ன சொல்லுவாக?"

"நாலு பேரு இருந்தால்ல சொல்லுவாக. அம்புட்டுப் பேரும் பஞ்சம் பொழைக்கப் போயாச்சு. நீரு யாரு பக்கமும் இல்ல ராவுத்தரே. உப்பு விக்கவரு கள்ளம் பண்ணமாட்டாரு."

"அப்பிடியா? போன மாசம் என் உப்புப்படிக்குள்ள கைய விட்டு அடியத் தடவிப் பாத்தது யாருலே?"

ராக்கப்பன் காதில் அது விழவில்லை. ராவுத்தர் கை கழுவத் தண்ணீர் தேடிக் காணாமல், மண்ணை அள்ளித் தேய்த்து உதறினார். "ஆண்டவன் பேரச் சொல்லி எடுக்கேன். எந்த ஆண்டவன்னு கேக்கப்படாது" என்று சொல்லி, குனிந்து ஒன்றை எடுத்து நாரை அவிழ்த்தார்.

செவ்வரளி.

ராக்கப்பன் குனிந்து பூவை முகர்ந்து பார்த்தான். "இது எப்பிடி?" என்றான்.

"என்ன எப்பிடி?" என்றாள் குருவம்மாள்.

இரண்டிலும் நான் வெள்ளை அல்லவா வைத்தேன் என்று எந்த வாயால் கேட்பது? இவள் இரண்டையும் சிவப்பாக மாற்றிவிட்டாள், சந்தேகமே இல்லை. "மத்ததையும் பிரிட்டி" என்றான்.

"அம்மன் சொல்லிட்டா. பொறவு எதுக்கு?"

"பிரிங்கேன்லா!"

அவள் அசையவில்லை. அவனே பாய்ந்து எடுத்துப் பிய்த்தான். உள்ளே வெள்ளரளி. ஓர் இதழில் எறும்பு கடித்த ஓட்டை இருந்தது. காலையில் அவன் கையால் வைத்த அதே பூ.

புருஷன் பெண்டாட்டி விவகாரம் என்று தெரிந்ததும் ராவுத்தர் கழுதையிடம் ஏதோ அவசரமாகப் பேசப் போய்விட்டார்.

"ரெண்டுலயும் வெள்ளைய வச்சிருந்தீரு" என்றாள் குருவம்மாள்.

"நீ பிரிச்சுப் பாத்தியோ?"

"உமக்கு மட்டுந்தான் சந்தேகப்படத் தெரியுமோ?"

"அப்ப ரெண்டையும் மாத்தியிருக்கலாம்லா. விதைக்கணும்னுதானே நீ நின்ன."

"மாத்தத்தான் கை போச்சு. ரெண்டு பூப் பறிச்சுட்டேன். ஒண்ண வச்சேன். அடுத்தத வைக்கப் போகையில, பொறவு அம்மன்கிட்ட எதுக்குக் கேக்கணும்னு தோணிச்சு." மூடியிருந்த இடது கையை விரித்தாள். கசங்கிக் கறுத்த செவ்வரளி ஒன்று அதில் ஒட்டிக்கிடந்தது.

ராக்கப்பன் ராவுத்தரைப் பார்த்தான். கழுதையைப் பார்த்தான். வேப்பமரத்தைப் பார்த்தான். சந்தேகப்பட ஆளே மிச்சமில்லை. கடைசியாக, வேறு வழியில்லாமல், அம்மனை ஏறிட்டுப் பார்த்தான்.

வீட்டில் கலயத்து வாயின் சாணியை உடைக்கும்போது மாரியாத்தாள் ஓடிவந்தாள். "கஞ்சியாய்யா?"

"இல்லட்டி."

அவள் அழவில்லை. கீழே சிந்திய இரண்டு மணியைப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டு நின்றாள். அவன் பார்க்காததுபோல் கலயத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்கு நடந்தான்.

பொழுது சாய்கிற வரைக்கும் வீசினான். குருவம்மாள் பின்னாலேயே முள்செத்தையை இழுத்து விதையை மூடிக்கொண்டு வந்தாள். கடைசிக் கைப்பிடி வந்தபோது கை விரிய மறுத்தது. நின்றுவிட்டான். குருவம்மாளும் நின்றாள். இடது கையால் வலது கையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான், நார் அவிழ்ப்பதுபோல. விதை விழுந்தது. உள்ளங்கை வியர்வையில் ஒரு மணி மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதையும் புழுதியில் உதறினான்.

செண்பகத்தோப்புக்கு மேலே மேகம் வந்து, கரிசல்காட்டை எட்டிப்பார்த்துக்கொண்டு நின்றது.