என் தம்பியின் நினைவுச் சட்டை

என் தம்பி கெண்ட்ரெல் சாக வேண்டுமா வேண்டாமா என்று மாலை வகுப்பில் கை தூக்கச் சொன்னார்கள். சாக வேண்டும் என்றவர்களே அதிகம். நானும் தூக்கினேன், பிறகு இறக்கிவிட்டேன். எண்ணியபோது என் கை எந்தக் கணக்கில் சேர்ந்தது என்று இன்றும் தெரியவில்லை.

அது வீடியோ வகுப்பு. பகலில் வேலைக்குப் போகிறவர்கள் படிப்பது. ஆசிரியர் மிஸ்டர் டார்சி எங்கள் பேட்டையிலேயே வளர்ந்தவர். தெருமுனையில் கும்பலோடு நிற்கும் ஒரு கறுப்பினப் பையனைப் பற்றி அவர் ஒரு குறும்படம் எழுதியிருந்தார். அதில் கதாநாயகன் என் தம்பி. படத்தின் முடிவில் அவன் சாக வேண்டுமா என்பதற்குத்தான் அந்தக் கை தூக்கல். அம்மாதான் அவனைக் கட்டாயப்படுத்தி அனுப்பினாள். காரணம் இருந்தது. ஒரு நடன விருந்தில் கெண்ட்ரெல், கால்வாய்க்கு அந்தப் பக்கத்து டெமாரியோவை அவன் காதலியின் கண்ணெதிரே அடித்துக் கீழே தள்ளிவிட்டான். எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து டெமாரியோ துப்பாக்கியோடு இவனைத் தேடிக்கொண்டிருந்தான். படப்பிடிப்பில் இருக்கும் நேரமாவது பிள்ளை தெருவில் இருக்கமாட்டான் என்பது அம்மாவின் கணக்கு.

வகுப்பில் ஆக்டேவியா மட்டும் கடைசிவரை எதிர்த்தாள். மருத்துவமனையில் நோயாளிகளைக் குளிப்பாட்டும் வேலை அவளுக்கு.

"படத்துல செத்தவனுக்குக் கைதட்டறாங்க. உயிரோட பஸ் ஏறி வேலைக்குப் போறவனுக்கு எவன் தட்டுனான்? இதப் பாத்துப் பாத்து நம்ம பசங்க சாகக் கத்துக்கறாங்க, மிஸ்டர் டார்சி."

"படம் எடுக்கலன்னாலும் சாகறாங்களே, ஆக்டேவியா. யாருமே பாக்காம சாகறாங்க. அது பரவால்லயா?"

இரண்டும் சரி என்று எனக்குப் பட்டது. எனக்கு எப்போதும் அப்படித்தான் படும்.

சவ ஊர்வலக் காட்சிக்குச் சட்டைகள் வேண்டியிருந்தன. எங்கள் நியூ ஆர்லியன்ஸில் ஓர் இளைஞன் செத்தால், சவப்பெட்டி வரும் முன்பே அவன் முகம் அச்சிட்ட சட்டை வந்துவிடும். பின்னால் மேகம், சொர்க்கத்துக்கு ஏறும் படிக்கட்டு, பிறந்த தேதிக்கு மேல் 'உதயம்', இறந்த தேதிக்கு மேல் 'அஸ்தமனம்'. கெண்ட்ரெலின் பள்ளிப் படத்தையே கொடுத்தோம். அச்சுக்கடைக்காரர் எதுவும் கேட்கவில்லை. தலையைக் குனிந்து, "செத்தவங்க வேலைய காக்க வைக்கக்கூடாது கண்ணு" என்று, வரிசையில் இருந்த கல்யாணச் சட்டைகளைத் தள்ளிவைத்து எங்களுடையதை முதலில் போட்டுத் தந்தார்.

படப்பிடிப்பு நன்றாகவே முடிந்தது. கேமரா, வெளிச்சம், ஒலி எல்லாவற்றையும் வரிசையாகச் சரிபார்த்தேன். எங்களுக்கு மறந்துபோனது ஒன்றுதான். நடிக்க வந்த பேட்டைக்காரர்கள் யாரும் சட்டையைத் திருப்பித் தரவில்லை. அப்படிப்பட்ட சட்டையை யாரும் திருப்பித் தரமாட்டார்கள். தூக்கிப் போடவும் மாட்டார்கள், கிழித்துத் தரை துடைக்கவும் மாட்டார்கள். போட்டுக்கொண்டுதான் திரிவார்கள். நாங்கள் எல்லோருமே இந்த ஊரில் பிறந்தவர்கள். இருந்தும் அது யாருக்கும் தோன்றவில்லை.

சட்டைகள் பஸ்ஸில் போயின, சந்தைக்குப் போயின, கால்வாயையும் தாண்டின. படத்தில் கெண்ட்ரெல் விழுந்த தெருமுனையில் யாரோ மெழுகுவத்தி ஏற்றினார்கள். அடுத்து ஒரு கரடிபொம்மை, பாதி குடித்த பிராந்தி பாட்டில்.

பிறகு துக்க வீட்டுக்கென்று சாப்பாட்டுப் பாத்திரங்கள் வர ஆரம்பித்தன. முதலில் வந்தவள் அடுத்த தெரு மிஸ் எர்லீன். கையில் இறால் அடைத்துச் சுட்ட சௌசௌ.

"வெர்லீன், மனசத் தேத்திக்கோடி" என்று அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

அம்மா சிரித்துவிட்டாள். "அடியே, அவன் பின்னறையில..." என்று வாயெடுத்தாள்.

"ஒண்ணு மட்டும் நிம்மதி. அந்த டெமாரியோ பய, இனிமே கணக்கு தீந்துச்சுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டானாம். உன் மூத்தவள நிம்மதியா வெளிய அனுப்பலாம்."

அம்மா வாயை மூடிக்கொண்டாள். பாத்திரத்தை வாங்கிக்கொண்டாள். "புண்ணியமாப் போகட்டும்" என்று மட்டும் சொன்னாள். கதவைச் சாத்தியதும் முன்பக்க ஜன்னல் திரைகளை இழுத்து, ஊக்கு குத்தினாள்.

"செத்த புள்ள என் வீட்டுல சோறு திங்கறான். உசுரோட இருந்த புள்ள தெருவுல நின்னான். எது தேவல, நீயே சொல்லு" என்றாள் என்னிடம். 

கெண்ட்ரெல் முதலில் விழுந்து விழுந்து சிரித்தான். பின்னறையில் படுத்துக்கொண்டு, "யார் வந்தா? யார் ரொம்ப அழுதா? அந்தக் கடன்காரி ஷனீஸ் வந்தாளா?" என்று கேட்டான். சத்தம் கேட்கக்கூடாது என்று காலணியைக் கழற்றினான். சில நாட்களில் அவன் நடப்பதே எங்களுக்குக் கேட்காமல் போயிற்று. திரும்பினால் நிற்பான். ஒருநாள் யாரோ கொண்டுவந்த மக்ரோனியைப் பார்த்து, "கெண்ட்ரெலுக்கு இது ரொம்பப் புடிச்சிருந்துச்சு" என்றான். விளையாட்டு என்றுதான் நினைத்தேன். ஆனால் அவன் சிரிக்கவில்லை.

அம்மாவும் வீட்டிலேயே அந்தச் சட்டையைப் போட ஆரம்பித்தாள். பின்னறையிலிருந்து அவன் தண்ணீர் கேட்பான். அவள் நெஞ்சில் இருந்த படத்தைக் குனிந்து பார்த்து, "இதோ வரேன் கண்ணு" என்பாள். ஆனால் போகமாட்டாள். நான்தான் கொண்டுபோவேன்.

மாதாகோவில் கூடத்தில் படத்தைத் திரையிட இருந்தார்கள். முடிவில் கெண்ட்ரெலும் மற்ற நடிகர்களும் கைகோத்து வணங்கும் காட்சி ஒன்று உண்டு. அதைப் பார்த்தால் டெமாரியோவுக்கு விஷயம் தெரிந்துவிடும். தள்ளிவைக்கும்படி மிஸ்டர் டார்சியைக் கெஞ்சினேன்.

"பாத்தியா, படம் ஒரு உசுரக் காப்பாத்திருக்கு" என்றார். குரலில் பெருமை இருந்தது. தள்ளிவைக்கவும் சம்மதித்தார்.

ஆக்டேவியா என்னைப் பார்த்தாள். "காப்பாத்துச்சா? உன் தம்பி தினமும் எத்தன தடவ பேசறான்னு பாத்துட்டு வந்து சொல்லு."

திங்கட்கிழமை. எங்கள் ஊரில் அன்று எல்லா வீட்டிலும் சிவப்பு பீன்ஸும் சோறும்தான். வெயில் சாயும் நேரத்தில் கதவைத் தட்டினார்கள். திறந்தேன். டெமாரியோ. கையில் நீள ரொட்டி. உடம்பில் என் தம்பியின் முகம்.

அம்மா அடுப்பை விட்டு வந்தாள். அவனை உட்காரச் சொல்லவில்லை. அவனே நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

"மிஸ் வெர்லீன், அது நான் இல்ல. நான் தேடிக்கிட்டுதான் இருந்தேன், பொய் சொல்லல. எவனோ முந்திக்கிட்டான். உங்க மூஞ்சியப் பாத்து அதச் சொல்லணும்னு வந்தேன்."

"சொல்லிட்ட இல்ல, போ."

"அவன் என்னைய விட மாட்டேங்கறான்மா. தினம் வர்றான். ஷூ இல்லாம வந்து கட்டில் பக்கத்துல நிக்கறான். அடிச்சாலும் பரவால்ல, சும்மா நிக்கறான்."

 கெண்ட்ரெல் காலணி போடுவதில்லை என்பது எங்கள் மூவருக்கு மட்டும்தான் தெரியும்.

பின்னறைக் கதவு திறந்திருந்தது. கெண்ட்ரெல் வெறுங்காலோடு அங்கே நின்றுகொண்டிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை. டெமாரியோ அலறுவான் என்று நினைத்தேன். அவன் அலறவில்லை. களைத்துப்போனவனைப் போல ஒரு பெருமூச்சு விட்டான்.

"இங்கயும் வந்துட்டியா? என்னடா வேணும் உனக்கு? சொல்லித் தொல, செஞ்சுடறேன்."

இவன் உயிரோடு இருக்கிறான் என்று சொல்ல என் வாய் திறந்தது. அம்மாவின் நகங்கள் என் மணிக்கட்டில் இறங்கின.

கெண்ட்ரெல் டெமாரியோவின் நெஞ்சில் இருந்த தன் படத்தைப் பார்த்தான்.

"இடுப்புல இருக்கறத வெச்சுட்டுப் போ."

டெமாரியோ துப்பாக்கியை எடுத்து, சோற்றுக் கிண்ணத்தின் பக்கத்தில் மெதுவாக வைத்தான்.  "அப்புறம் வரமாட்டியே?"

"வரமாட்டேன்."

அவன் படியிறங்கிப் போனான். திரும்பிப் பார்க்கவில்லை.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "முடிஞ்சுதுடா! நாளைக்கே அவன்கிட்ட நான் போய்ப் பேசறேன். வா, முன்னாடி வந்து உக்காரு."

"வரமாட்டேன்னு சொல்லிட்டேனே" என்றான் கெண்ட்ரெல். குரலில் கோபமோ வருத்தமோ இல்லை. உள்ளே போனான். காலடிச் சத்தம் கேட்கவில்லை. கதவு சாத்திக்கொண்டது.

அம்மா அந்தக் கதவைப் பார்த்தபடி நின்றாள். மேசையைப் பார்த்தாள். பிறகு சட்டையைத் தலைவழியே உருவி நாற்காலியில் எறிந்தாள். உள்பாடியோடு, வியர்த்த தோள்களோடு கதவின் முன் போய் நின்றாள்.

"கெண்ட்ரெல் ஜோசப் பத்தீஸ்த்!"

முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எங்கள் வீட்டில் யாரும் பதில் சொல்லாமல் இருந்ததில்லை.

"உன்னப் பெத்தவ கூப்பிடறேன். நான் பண்ணுனது தப்புடா. வெளிய வா."

உள்ளே சத்தமில்லை. நான் ஜன்னலுக்குப் போய் ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினேன். சாயங்கால வெளிச்சம் தரையில் நீண்டு பின்னறைக் கதவின் அடிவரை போயிற்று. தெருவில் போகிறவர்கள் உள்ளே பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டேன். அம்மா மறுபடியும் முழுப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.