மரநாய் தின்ற கோப்பிப் பழம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் நாக்கில் பிறந்தது. பதுளையில் கோப்பித்தூள் விற்கும் மொஹிதீன், தன் வீட்டுக் கொல்லையில் பழுத்த கோப்பிப் பழமொன்றைக் கொடுத்து, "சப்பிப் பாருங்க, இனிக்கும்" என்றார். இனித்தது. அட, அந்தக் காலத்தில் இதைப் பறித்தவர்கள் தின்னாமலா இருந்திருப்பார்கள்?

2

"1884. நமுனுகுல மலையில் பனி இறங்கிய அந்தச் சோகமான காலையில்—"

(சீ! பனி இல்லாமல் எனக்குக் கதை தொடங்கவே வராதா?)

சரி, இப்படி: கோப்பித் தோட்டக் கூலி ஜெயலெட்சுமிக்கு மசக்கை. சோறு இறங்கவில்லை, பறிக்கிற கோப்பிப் பழம் மட்டும் இறங்கியது. இலைநோய் தோட்டத்தையே மொட்டையடித்திருக்க, ஒரே ஒரு செடி தப்பிப் பழுத்து நின்றது. இரண்டு கைப்பிடிப் பழம். விதைக்கென்று துரை ஒதுக்கி வைத்தது. அதைத்தான் மடியில் கட்டிக்கொண்டு வந்து, கூலிகள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் உட்கார்ந்து தின்று, கொட்டையைத் துப்பினாள்.

3

காலையில் ஆள் எடுக்கும் பெரட்டில் கங்காணி சிவஞானம் குதித்தார். "தின்னது யாருன்னு தெரிஞ்சுச்சு, குடும்பத்தோட தோட்டத்த விட்டு வெரட்டிருவேன்!"

"மரநாய்ங்க. நான் பாத்தேன்" என்றாள் ஜெயலெட்சுமி.

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டாமா? மரநாய்க்குக் கோப்பிக் கொட்டை செமிக்காது.* கங்காணிக்கு அது தெரியும்.

"அப்ப அது பேண்ட எடத்துல கொட்டை முழுசாக் கெடக்கும். நட்டா மொளைக்கும். பாத்தவ நீதானே, போய்ப் பொறுக்கிட்டு வா!"

(* மரநாய் தின்று கழித்த கொட்டைக்கு இன்று யானை விலை. அவளிடம் சொல்லாதீர்கள், என்னை அடிப்பாள்.)

4

"கண்ணீர் பெருக அவள்—" என்று எழுதினேன். அவள் அழமாட்டேன் என்றுவிட்டாள். லயத்துப் பின்பக்கம் போய், துப்பிய கொட்டைகளைச் சேற்றோடு வழித்து, அழுகின வாழைப்பழம் பிசைந்து உருட்டினாள். மரநாயே பார்த்தால் தன்னுடையது என்று ஒத்துக்கொள்ளும். இலையில் ஏந்திக்கொண்டு போய் நீட்டினாள்.

கங்காணி [இங்கே ஏதோ குறைகிறது, பிறகு பார்க்கலாம்] குனிந்து குச்சியால் கிளறினார். கொட்டைகள் இருந்தன. முகம் மலர்ந்தது.

இங்கே முடித்திருக்கலாம். என் மனைவி நூருல் இனாயா படித்துவிட்டு, "இவ்வளவு லேசாத் தப்பிட்டா யாரு படிப்பாங்க?" என்றாள். ரோஷம் வந்துவிட்டது. ஜெயலெட்சுமி வெற்றிலை துப்புவதும் அந்த லயத்துப் பின்பக்கத்தில்தானே? மென்ற பாக்குத் துண்டு ஒன்றை அந்த உருண்டைக்குள் வைத்தேன்.

5

குச்சி நின்றது.

"ஏ புள்ள, மரநாய் எப்பலருந்து வெத்தல போடுது?"

ஜெயலெட்சுமி வயிற்றில் கையை வைத்துக்கொண்டாள். பார்ப்பது கங்காணியை அல்ல, என்னை. "வச்சது நீங்க. நடுத்தெருவுல நிக்கப்போறது நானும் இதுவுமா?"

எனக்கு அவமானமாக இருக்கிறது. பாக்கை எடுத்துவிடலாமென்றால் கங்காணி பார்த்துவிட்டார், நீங்களும் பார்த்துவிட்டீர்கள்.

ஒரே வழிதான். நாலாம் பகுதியில் கங்காணி குனியுமிடத்தில் 'பிறகு பார்க்கலாம்' என்று ஓர் அடைப்புக்குறி போட்டு வைத்திருக்கிறேன். பேனா இருக்கிறதா? 'வெற்றிலையைக் குதப்பியபடி' என்று அதில் எழுதிவிட்டு வாருங்கள்.

சீக்கிரம். "அது ஒங்க வாயிலருந்து விழுந்ததுங்க" என்று சொல்ல அவள் வாயைத் திறந்துவிட்டாள்.