ராக்கப்பன் கடைத் துப்பாக்கி

ஸாவித்ரி பத்தாவது குண்டையும் கோட்டைவிட்டபோது கடைக்காரர் மகள் சந்தனத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை. ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற திருவண்ணாமலைக் குன்றில் பெருமாளைச் சேவித்துவிட்டுப் படியிறங்கிய கூட்டம் பாதி, அடிவாரத்தில் ராக்கப்பன் போட்டிருந்த பலூன் கடை முன்னால்தான் நின்றது. ஸாவித்ரி பேங்கில் வேலை பார்க்கிறவள். ராஜபாளையம் ரைபிள் கிளப்பில் ஞாயிறுதோறும் சுடுகிறவள் என்று அவளே சொல்லித்தான் துப்பாக்கியைக் கையில் வாங்கினாள். ஒரு பலூன் வெடிக்க வேண்டுமே! காற்றில் ஆடிக்கொண்டு பத்தும் பவிசாக இருந்தன.

"துப்பாக்கி சரியில்லை" என்றாள் ஸாவித்ரி.

"ஏன் சரியில்ல? இங்கன குடுங்க" என்று சந்தனம் வெடுக்கென்று வாங்கினாள். பதினெட்டு வயதுக்கு ரோஷம் கொஞ்சமா இருக்கும்? பட் பட்டென்று பத்து பலூனையும் தீர்த்துக்கட்டிவிட்டுத்தான் மூச்சுவிட்டாள். கூட்டம் விசிலடித்தது. கடைக்காரர் ராக்கப்பன் மட்டும் மகளை முறைத்தார்.

முறைக்கக் காரணம் இருந்தது. குழல் நுனியில் குறிபார்க்க ஒரு குமிழ் உண்டல்லவா, அதை அவர் வலப்பக்கம் ஒரு நூலளவு வளைத்து வைத்திருந்தார். பலூனுக்கு நேராகப் பிடித்தால் குண்டு இரண்டு விரற்கடை இடப்பக்கம் போய்விடும். எட்டு பலூன் உடைத்தால் எவர்சில்வர் டம்ளர் பரிசு. அந்த டம்ளர் பன்னிரண்டு வருஷமாக அதே ஆணியில்தான் தொங்கியது. ஆறு வயதிலிருந்து கடையில் கிடந்த சந்தனத்துக்கு மட்டும் சூட்சுமம் கைக்கு வந்திருந்தது. அவள் பலூனைப் பார்க்கவே மாட்டாள். அதற்கு வலப்பக்கம் இருக்கிற வெறும் பலகையைப் பார்த்துச் சுடுவாள்.

இதெல்லாம் ஸாவித்ரிக்குத் தெரியாது. "உன் பேரென்னம்மா? எங்க கிளப்புல லேடீஸ் டீமுக்கு மூணு பேர் வேணும். ரெண்டு பேர்தான் இருக்கோம். மூணாவது ஆள் இல்லேன்னா மதுரைப் போட்டிக்கு எங்களையும் சேத்துக்க மாட்டா. நாளைக்கு வா. அஞ்சு குண்டு, அம்பதுக்கு முப்பது மார்க் எடுத்தாப் போதும்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

சந்தனத்துக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிக்கூடத்தில் எதிலும் கடைசியாக நின்றவளை ஒருத்தி கையைப் பிடித்துக் கூப்பிடுகிறாள்! மதுரையில் மைக்கில் பேரைச் சொல்வார்களாம். போகாவிட்டால் செத்தே போய்விடுவோம் என்று அவளுக்குத் தோன்றியது.

"ஏட்டி, அங்கன போயி வாயத் தொறந்தேன்னு வையி, கடைய மூடிட்டுப் போக வேண்டியதுதான்" என்றார் ராக்கப்பன்.

"நான் எதுக்குப்பா வாயத் தொறக்கேன்? சுடத்தான போறேன்."

மறுநாள் டவுன் பஸ்ஸில் அவரே கூட்டிக்கொண்டு போனார். கிளப்பில் ஏழெட்டு ஆண்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். செகரட்டரி ஜகந்நாதன் கொடுத்த துப்பாக்கி கனமாக, குளிர்ச்சியாக, எண்ணெய் வாசனையோடு இருந்தது. அடேயப்பா, இதுவல்லவா துப்பாக்கி! தூரத்துப் பலகையில் வெள்ளை அட்டை, அதன் நடுவே ஒரு கறுப்பு வட்டம். சந்தனம் மூச்சைப் பிடித்து ஐந்தையும் சுட்டாள். ஒவ்வொரு குண்டும் போகும்போதே இது பழுது இல்லை என்று கைக்குத் தெரிந்தது.

ஜகந்நாதன் போய் அட்டையை எடுத்து வந்தார். வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒரு ஓட்டை இல்லை.

"பலூன் ஊதுற பிள்ளையக் கூட்டியாந்தா இப்பிடித்தான்" என்று மில் மேஸ்திரி சோலைராஜ் சொல்ல, நாற்காலிகள் சிரித்தன. ஸாவித்ரியின் முகத்தில் ஈயாடவில்லை.

ஜகந்நாதன் சிரிக்கவில்லை. திரும்பப் போய்ப் பலகையைத் தடவினார். அட்டை இருந்த இடத்துக்கு வலப்பக்கம், ஓர் எலுமிச்சம்பழ அகலத்துக்குள் ஐந்து ஓட்டைகள். அதே துப்பாக்கியால் தானும் ஒன்று சுட்டுப் பார்த்தார். கறுப்பில் போய் விழுந்தது.

"துப்பாக்கி நேராத்தான் இருக்கு. நீயும் கை நடுங்காமத்தான் சுட்டிருக்கே. எங்கம்மா பாத்துச் சுட்ட?"

அப்போதுதான் சந்தனத்துக்கு உறைத்தது. ஐயோ! நேரான துப்பாக்கியை அவள் இதுவரை தொட்டதே இல்லை. கோணலுக்குப் பழகின கண் தன்னால் வலப்பக்கம் போயிருக்கிறது. பதில் தொண்டைவரை வந்தது. திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவருக்குப் பக்கத்தில் சோலைராஜ். வருஷம் தவறாமல் கடைக்கு வந்து தோற்றுப்போகிற மனுஷன்.

"காரணம் சொன்னா இன்னொரு அட்டை தரலாம். சும்மா குடுத்தா மத்தவங்க கேப்பாங்க" என்றார் ஜகந்நாதன்.

மதுரையும் மைக்கும் கண்முன்னே போய்க்கொண்டிருந்தன.

"தெரியலைங்க" என்றாள். துப்பாக்கியைத் திருப்பி நீட்டினாள்.

"அவளுக்குத் தெரியும்யா." ராக்கப்பன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "எங் கடைத் துப்பாக்கி கோணல். நாந்தான் குமிழ வளைச்சேன். சின்னப் பிள்ளையிலேருந்து அதுலயே சுட்டுச் சுட்டு அவ கண்ணு அப்பிடிப் பழகிப்போச்சு. எம்மேலதான்யா தப்பு. பிள்ளைக்கு இன்னொரு அட்ட குடுங்க."

சோலைராஜ் எழுந்து நின்றார். "அட ஒம்ம! பதினோரு வருஷம்யா! டம்ளர் வாங்கித் தாரேன்னு சொல்லிச் சொல்லி எம் பொண்டாட்டிகிட்ட எம்புட்டுப் பேச்சு வாங்கிருக்கேன்!" அடிக்கப் போகிறார் என்றுதான் சந்தனம் நினைத்தாள். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு சட்டென்று சிரிப்பை நிறுத்தி, "குடுங்க செகரட்டரி. குடுக்கலேன்னா நான் சண்ட போடுவேன்" என்றார்.

இரண்டாவது அட்டை. சந்தனம் கறுப்பு வட்டத்தையே பார்த்தாள். சுட வேண்டியதைப் பார்த்துச் சுடுவது இத்தனை பாடா! கண் வலப்பக்கம் இழுத்தது. நெற்றி வியர்த்தது. இது நேர், இது நேர் என்று தனக்கே சொல்லிக்கொண்டு விசையை அழுத்தினாள். கறுப்பு. மறுபடியும் கறுப்பு. மூன்று, நான்கு. ஐந்தாவதில் சந்தோஷம் தலைக்கேறிவிட்டது; பழைய பழக்கம் ஒரு கணம் கண்ணை இழுத்துப்போட்டது.

"முப்பத்திரண்டு" என்றார் ஜகந்நாதன்.

ஸாவித்ரி கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தாள். யாரோ பேர், ஊர் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். அட்டை கைமாறிக் கைமாறி ராக்கப்பனிடம் போனது. அடுத்த சனிக்கிழமை கடை போடலாமா கூடாதா என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. முற்றத்து வெயிலில் தனியாக நின்று அட்டையைத் தூக்கிப் பிடித்தார். அவருடைய வெள்ளைச் சட்டையில் நான்கு வெளிச்சப் பொட்டுகள் நெருங்கி விழுந்தன. ஐந்தாவது கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தது. அதைத்தான் அவர் விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்.