வளைகாப்புக்குச் செய்த ஃபட்ஜ்

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று என் மனைவி மோகனப்ரியா சொல்வாள். தப்பில்லை. ஓசூரில் கார் உதிரிபாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் ஒன்பது வருடமாகத் தரப் பரிசோதனை பார்க்கிறேன். நாள் முழுக்க ‘இது சரியில்லை, எடுத்து வை’ என்று சொல்லியே சம்பளம் வாங்குகிறவனுக்குக் கோபம் வராமல் வேறென்ன வரும்? ஆனால் அந்த மாதம் எனக்கு வந்தது கோபம் இல்லை, பயம்.

ப்ரியாவுக்கு ஏழாம் மாதம். ரத்தத்தில் சர்க்கரை கூடியிருக்கிறது என்றார்கள். மாசமாக இருக்கும்போது சிலருக்கு வருவதுதான், சாப்பாட்டில் கட்டுப்படுத்திப் பார்ப்போம், அடுத்த செவ்வாய்க்கிழமை டெஸ்ட்டிலும் இறங்கவில்லை என்றால் இன்சுலின் ஊசி ஆரம்பித்துவிடலாம் என்றார் டாக்டர். ஊசி என்றால் ப்ரியாவுக்குப் பாதி உயிர் போய்விடும். டெஸ்ட்டுக்கு ரத்தம் எடுப்பதற்குள் என் கையை நசுக்கிப் பிழிந்துவிடுவாள். அன்றிலிருந்து சோற்றைக் கிண்ணத்தில் அளந்து சாப்பிட்டாள். சாயங்காலம் மொட்டை மாடியில் நடந்தாள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனால் பேக்கரி வாசனை படாமல் இருக்கச் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போவாள். இனிப்பு என்றால் உயிரை விடுகிறவள் அவள்.

இந்த லட்சணத்தில், டெஸ்ட்டுக்கு இரண்டு நாள் முன்னால் ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. பெண்ணை அவ்வளவு தூரம் பஸ்ஸில் அலைக்கழிக்க வேண்டாம் என்று அருப்புக்கோட்டையிலிருந்து என் மாமியார் ஜோதிமணி இங்கேயே வந்துவிட்டார். ஏழு பெண்கள் சந்தனம் பூசி, வளையல் போட்டு, ஆளுக்கு ஒரு வாய் இனிப்பு ஊட்டுவார்கள். வேண்டாம் என்று தலையை ஆட்டினால் நல்ல நாளில் முகம் திருப்பினாள் என்பார்கள். வாங்கிக்கொண்டால் செவ்வாய்க்கிழமை டெஸ்ட்டில் சர்க்கரை ஏறியது தெரிந்துவிடும்.

அதனால்தான் பர்ஃபி மாதிரி துண்டு போடுகிற ஃபட்ஜ் செய்ய இறங்கினேன். மாவுச்சத்தும் சர்க்கரையும் குறைவாக உள்ள லோ கார்ப் ஃபட்ஜ். உணவு ஆலோசகரிடம் செய்முறையைக் காட்டினேன். சின்னத் துண்டுகளாக இருந்தால் பரவாயில்லை என்று சொல்லி, சேர்க்க வேண்டிய இனிப்புப் பொடியின் பெயரையும் அவரே எழுதிக் கொடுத்தார். கடையில் வேர்க்கடலை வெண்ணெய் டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் அதிலேயே சர்க்கரை இருந்தது. வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வேலை ஒன்றும் பிரமாதம் இல்லை. வேர்க்கடலையை வறுத்துத் தோல் புடைத்து மிக்ஸியில் போட்டு, நிறுத்தி நிறுத்தி ஓட்ட வேண்டும். முதலில் பொடியாகும், பிறகு அடையாக ஒட்டிக்கொள்ளும், பொறுமையாக இருந்தால் எண்ணெய் விட்டுக் கூழாகும். அதில் உருக்கிய தேங்காய் எண்ணெய், கோகோ தூள், இனிப்புப் பொடி, ஒரு சிட்டிகை உப்பு. தட்டில் பட்டர் பேப்பர் விரித்து ஊற்றி, இரண்டு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் வெட்டலாம். எனக்கே பொறுமை வந்ததென்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கம்பெனிப் பழக்கம் விடுமா? மூன்று நாள் முன்பே சோதனைக்கு ஒரு தட்டு போட்டுப் பார்த்தேன். ருசி சுமார், கோகோ கொஞ்சம் கசந்தது. அதைவிடப் பெரிய குறை, மே மாத வெயிலில் வெளியே எடுத்துப் பத்து நிமிடத்தில் இளகிக் கையில் ஒட்டியது. தேங்காய் எண்ணெய் போட்டால் அப்படித்தான். ப்ரியா ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். எனக்கு அது போதும்.

சனிக்கிழமை சாயங்காலம் நிஜத் தட்டைச் செய்து ஃபிரிட்ஜில் வைத்தேன். வீட்டுக்கார சரோஜம்மாளிலிருந்து என் ஊர்க்காரப் பெண்கள் வரை எல்லோரிடமும், இதைத் தவிர வேறெதையும் ஊட்டக் கூடாது என்று சொல்லிவைத்தேன். எல்லோரும் சரி என்றார்கள். மறுநாள் காலை ஆறு மணிக்குப் பூவும் நாற்காலியும் ஏற்பாடு செய்யக் கிளம்பியவன், திரும்பும்போது ஒன்பதரை ஆகிவிட்டது.

வளைகாப்பு தொடங்கியது. ஹாலில் நெருக்கியடித்த கூட்டம், கரண்ட் வேறு இல்லை. நான் வாசற்படியில் நின்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். ப்ரியா பட்டுச் சேலையில் கன்னமெல்லாம் சந்தனமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொருவராக வந்து ஊட்டினார்கள். நான்காவது ஆள் ஊட்டும்போதுதான் என் கண் தட்டில் நின்றது. துண்டுகள் வெட்டிய முனை மழுங்காமல் கல்லுக் கல்லாக உட்கார்ந்திருந்தன. வெளியே எடுத்து அரை மணி ஆகிறது. என் ஃபட்ஜ் இந்நேரம் கூழாகியிருக்க வேண்டும்.

சமையலறைக்குப் போனேன். தொட்டியில் ஒரு வாணலி ஊறிக்கொண்டிருந்தது, விளிம்பில் காய்ந்த பாகு. ஆரத்தித் தட்டு எடுக்க உள்ளே வந்த மாமியாரிடம், ஃபட்ஜில் என்ன சேர்த்தீர்கள் என்று கேட்டேன்.

"காலைல ஒரு துண்டு வாயில போட்டுப் பாத்தேன் மாப்ள, கசந்துச்சு. நல்ல நாளும் அதுவுமா எம்பிள்ளைக்குக் கசப்பையா ஊட்டச் சொல்றீக? மறுபடி உருக்கி, ஊர்லருந்து கொண்டாந்த கருப்பட்டியப் பாகு வச்சுக் கிண்டிட்டேன். சீனி ஒரு பொட்டு சேக்கல. கருப்பட்டி ஒண்ணுஞ் செய்யாது."

எங்கள் ஊரில் பாதிப்பேர் நம்புவது இதைத்தான்; கருப்பட்டியும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். சர்க்கரை வியாதிக்காரர்கள் கருப்பட்டிக் காப்பியை நிம்மதியாகக் குடிப்பார்கள். அந்த நேரத்தில் எனக்கு ஏறிய கோபத்துக்கு வாணலியைத் தூக்கி எறிந்திருப்பேன். ஆனால் அவருடைய விரல் நுனியில் பாகு தெறித்த கொப்புளம் ஒன்று பளபளவென்று நின்றது. இவரிடம் எதைச் சொல்லிக் கத்துவது? வாயைத் திறப்பதற்குள் ஹாலிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். ஆறு பேர் ஆயிற்று, கடைசி வாய் பெற்றவள்தான் ஊட்ட வேண்டும். கையைத் துடைத்துக்கொண்டு அவர் போனார். கம்பெனியில் ஓடுகிற உற்பத்தி லைனையே நிறுத்துகிறவன், அந்த ஒரு துண்டை நிறுத்தத் தெரியாமல் சமையலறையில் நின்றேன். என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

சாப்பாட்டுப் பந்தி தொடங்கியதும் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். ப்ரியா கட்டிலில் சாய்ந்திருந்தாள். கருப்பட்டி விஷயத்தைக் கொட்டிவிட்டு, உங்கள் அம்மாவுக்குக் கொஞ்சமாவது அறிவிருக்கிறதா என்று ஆரம்பித்தேன். அவள் கையமர்த்தினாள்.

"மெதுவாப் பேசுங்க. எனக்குக் கருப்பட்டி வாசம் தெரியாதா? முதல் வாயிலேயே தெரிஞ்சுபோச்சு."

தலையணைக்கு அடியிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்துப் பிரித்தாள். உள்ளே பழுப்பும் ஈரமுமாகத் துண்டுகள். ஒவ்வொருவர் ஊட்டும்போதும் வாயில் வாங்கி, வாயைத் துடைக்கிற சாக்கில் இதற்குள் மாற்றியிருக்கிறாள். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க ஒருவருக்கும் தெரியவில்லை. எத்தனை நாள் ஏங்கிய இனிப்பு நாக்கு வரை வந்தும் விழுங்காமல் வைத்திருக்கிறாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"அம்மாகிட்ட எதுவும் கேட்டுராதீங்க" என்றாள்.

தலையாட்டினேன். ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை, விரலால் தள்ளித் தள்ளி எண்ணினேன். ஆறுதான் இருந்தது. ஏழு பேர் ஊட்டினார்களே, இன்னொன்று எங்கே என்று கேட்டேன். அவள் கைநிறைய இருந்த வளையல்களை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டாள்.

"அம்மா ஊட்டுனதை மட்டும் துப்ப முடியலைங்க. அதுக்காக ஊசி போடணும்னா போட்டுக்கறேன்."