கதவிடுக்கில் அப்பிய சந்தனம்

சுருளியம்மாளுக்கு அந்தப் பெட்டியைக் கண்டாலே வயிறு எரிந்தது. தீயில்லாமல் சுடும் மைக்ரோவேவ் அடுப்பாம். ஓரகத்தி வீரலட்சுமிக்கு அவள் அண்ணன் காசிராஜன் சிங்கப்பூரிலிருந்து அனுப்பிவைத்த சீர். மதுரை ரயிலில் அது வந்து இறங்கிய அன்றே போடியில் பாதித் தெரு பார்க்க வந்துவிட்டது. சுருளியம்மாளின் அண்ணன்மாரும் சீர் செய்தவர்கள்தான். ஒரு பித்தளை அண்டா. அதைப் பார்க்க எவள் வந்தாள்?

அதுவரை அந்த வீட்டில் எதற்கும் மூத்த மருமகள் பேச்சுதான். இப்போது வருகிறவர்கள் எல்லாம் வீரலட்சுமியைக் கேட்டுக்கொண்டு நேரே சமையலறைக்குப் போனார்கள். ஒரு கோப்பைத் தண்ணீர் கொதிப்பதைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். போடியில் இதற்கு முன்னால் தண்ணீரே கொதித்ததில்லை பாருங்கள்!

ஆயுத பூஜை வந்தது. தராசு, தையல் மெஷின், ஏலக்காட்டுக்குப் போகிற ஜீப்பு என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கும் உரிமை மூத்த மருமகளுக்கு. ஜீப்புக்குத் தாராளமாக வைத்த கை பெட்டிக்கு வந்ததும் சுருங்கிவிட்டது. முகப்பில் பேருக்கு ஒரு புள்ளி. பிறகு யாரும் பார்க்காதபோது கதவைத் திறந்து, உள்விளிம்பின் கீழ்மூலையில் மிச்சச் சந்தனத்தை அப்பிக் குங்குமத்தையும் வைத்து அழுத்தினாள். துடைத்துத் துடைத்து ஓரகத்தியின் கை ஓயட்டும் என்ற நல்லெண்ணம்தான். வீரலட்சுமியோ சாமிக்கு வைத்த பொட்டை அழிக்கக்கூடாது என்று அப்படியே விட்டுவிட்டாள். சந்தனம் காய்ந்து இறுகிப்போனது.

அதிலும் ஆத்திரம் அடங்கவில்லை. பெட்டி வீட்டை விட்டுப் போனால்தான் சோறு இறங்கும் போலிருந்தது. குழாயடியில் எதிர்வீட்டு அன்னக்கொடியிடம் மெல்ல ஆரம்பித்தாள்.

"அதுக்குள்ள என்னமோ கதிர் ஓடுதாம்டி. கதவிடுக்குல கசிஞ்சா கண்ணு அவிஞ்சு போகுமாம்."

சாயங்காலத்துக்குள் பேச்சு மாமனார் உக்கிரபாண்டியின் காதுக்குப் போய்விட்டது. "கசியுதுன்னு தெரிஞ்சா அன்னைக்கே தூக்கி வெளிய வச்சிருவேன்" என்றார் அவர். சுருளியம்மாளுக்குக் காது குளிர்ந்தது.

ஆனால் அவள் வெளியே சொல்லாத சங்கதி ஒன்று உண்டு. மத்தியானம் வீரலட்சுமி கண்ணயர்ந்ததும் தன் காபியை அந்தப் பெட்டியில்தான் சுடவைப்பாள். எவர்சில்வர் ஆகாது என்று வீரலட்சுமி தெருவுக்கே பாடம் எடுத்திருந்ததால் பீங்கான் கோப்பையில். குனிந்து, கதவின் கீழ்மூலையில் முகத்தை ஒட்டவைத்து, உள்ளே என்னதான் நடக்கிறது என்று பார்ப்பாள். தான் கட்டிவிட்ட கதையை அவளே நம்பவில்லை.

தீபாவளிக்குக் காசிராஜன் ஊருக்கு வந்தான். அங்கே அவனுக்கு இந்த அடுப்புகளைப் பழுது பார்க்கிற சோலி. தெருப்பேச்சு அவன் வரைக்கும் எட்டியிருந்ததால், கசிவு பார்க்கிற மீட்டரையும் கையோடு கொண்டுவந்திருந்தான்.

"வெறும் பெட்டிய ஓடவிடக் கூடாது" என்று, உக்கிரபாண்டியும் மருமகள்கள் இருவரும் சுற்றி நிற்க, ஒரு கோப்பைத் தண்ணீரை உள்ளே வைத்து முடுக்கினான். மீட்டரைக் கதவிலிருந்து மூன்று விரல் தள்ளிப் பிடித்து, விளிம்போடு மெதுவாக நகர்த்தினான். மேலே முள் அசையவில்லை. பக்கவாட்டிலும் இல்லை. கீழ்மூலைக்கு வந்ததும் முள் எழுந்து சிவப்புக் கோட்டைத் தாண்டியது. காசிராஜன் சட்டென்று பெட்டியை நிறுத்தினான்.

"நாந்தேன் அப்பவே சொன்னேன்ல மாமா!" சுருளியம்மாளுக்குச் சந்தோஷத்தில் குரல் கீச்சிட்டது. தலைமுறைக்கும் சொல்லிக்காட்டலாம்.

அவன் கதவைத் திறந்து ஒரு துண்டுக் காகிதத்தை இடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்த்தான். மற்ற இடங்களில் கதவு இறுகப் பிடித்தது. அந்த மூலையில் மட்டும் காகிதம் வழுக்கிக்கொண்டு வந்தது.

"இந்த இடுக்குல சந்தனத்த அப்புனது யாரு? கதவு ஒரு நூல் தூக்கி நிக்குது."

"அக்காதேன் வச்சாக. சாமிப் பொட்டு, அழிக்க மனசு வரலண்ணே" என்றாள் வீரலட்சுமி.

ஈரத்துணியால் ஊறவைத்துத் துடைத்தான். இப்போது காகிதம் வரவில்லை. மறுபடி மீட்டரைப் பிடித்தான். முள் படுத்தே கிடந்தது. "பெட்டியில குத்தமில்ல" என்றவன், எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தான். "இந்த மூலையில யாரும் மூஞ்சிய ஒட்ட வச்சுப் பாத்தீகளா? கண்ணுதேன் அந்தச் சூட்டத் தாங்காது."

சுருளியம்மாளுக்குக் கண் இரண்டும் உறுத்த ஆரம்பித்தன. கேட்டால் திருட்டுக் காபி வெளியே வரும், மாமனார் முன்னால் மானம் போகும். கேட்காவிட்டால் கண்ணே போய்விட்டால்?

"நாந்தேன் பாப்பேன்" என்றாள் வீரலட்சுமி. "மத்தியானம் காபி சுடவைக்கையில. கண்ணுக்கு ஏதாச்சும் ஆகுமாண்ணே?"

மத்தியானம் தூங்குகிறவள்! அப்படியானால் இத்தனை நாளும் எல்லாம் தெரிந்துதான் கண்ணை மூடிக் கிடந்திருக்கிறாள்.

"கசிஞ்சது கொஞ்சந்தேன், கொஞ்ச நேரந்தேன். பயப்படாத. பார்வை மங்குச்சுன்னா மதுரையில டாக்டர்ட்ட காட்டு. இனிமே கையெட்டுற தூரம் தள்ளி நில்லு" என்றான் காசிராஜன்.

சுருளியம்மாளுக்கு உயிர் வந்தது. கூடவே பழைய எரிச்சலும் வந்தது, முன்னைவிட அதிகமாக. சிங்கப்பூர் அண்ணன் அவளுக்கு. பெட்டி அவளுக்கு. இந்த நல்ல மனசையாவது ஆண்டவன் தனக்குக் கொடுத்திருக்கக் கூடாதா?

மறுநாள் மத்தியானம் வீரலட்சுமி வழக்கம்போலக் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். சுருளியம்மாள் பெட்டியைத் திறந்தாள். உள்ளே பீங்கான் கோப்பையில் காபி தயாராக இருந்தது. முடுக்கிவிட்டு, கையெட்டும் தூரம் தள்ளி நின்றாள். குடித்துப் பார்த்தாள். சூடும் இனிப்பும் சரியாக இருந்தன. குறை சொல்ல ஒன்றுமே கிடைக்கவில்லை.