மூன்றாம் தண்ணீர்

அம்மை போட்டுப் படுத்திருந்த எனக்கு, சுவக்கினை என் இடத்தில் போடப் போகிறார்கள் என்று கேட்ட நிமிஷமே அம்மை இறங்கிவிட்டது. முப்பத்தொன்றாம் வருஷம். கம்பளை ஊர்க்காரர்களோடு கால்பந்து ஆட்டத்துக்கு இன்னும் பத்தே நாள். நான்கு வருஷமாக எங்கள் அணிக்கு கோல் அடித்தவன் நான். ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் வேலை செய்யும் அந்த நெட்டைப் பயலுக்குப் பந்தை நேராக உதைக்கவே வராது.

முதல் வாரம் நடை, இரண்டாம் வாரம் மெல்லோட்டம், அதற்குப் பிறகே பந்து என்றார் எனக்கு வைத்தியம் பார்த்த அப்போதிக்கரி. அம்மைக் காய்ச்சல் போனாலும் நெஞ்சு தேற நாளாகுமாம். அணித் தலைவர் பளீலும் அதற்குத் தலையாட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேப்பிலை போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை மூன்று தரம் தலைக்கு ஊற்றிவிட்டால் எங்கள் வீட்டில் அம்மை கண்டவன் நோயாளியே இல்லை. அதற்கு மேல் இந்த அப்போதிக்கரி யார் நாள் குறிக்க?

என் மனைவி ஐரின் இரண்டு தண்ணீர் ஊற்றியிருந்தாள். மூன்றாவதையும் மறுநாளே ஊற்றச் சொல்லி அடம்பிடித்தேன்.

"தண்ணி தோலுக்குத்தாங்க. நெஞ்சுக்கு யாரு ஊத்துறது?" என்றாள்.

வாயை மூடு என்றேன். மூன்றாம் தண்ணீர் ஊற்றிய தலை காயுமுன்னே பளீலின் ஜவுளிக்கடைக்குப் போய்ச் சத்தம் போட்டேன். என்னைப் போடாவிட்டால் கெலிஓயா அணிக்குப் போய்விடுவேன் என்று மிரட்டினேன். தினமும் விடியற்காலை வாவியைச் சுற்றி ஓடுகிறேன் என்று பொய்யும் சொன்னேன். அவர் நம்பினார்.

ஆட்டத்தன்று பத்து நிமிஷம் நன்றாகத்தான் ஓடினேன். பிறகு நெஞ்சு படபடவென்று அடித்தது, மைதானத்தின் நடுவிலேயே உட்கார்ந்துவிட்டேன். என்னைத் தூக்கி வெளியே போட்டார்கள். அந்தக் காலத்தில் விழுந்தவனுக்குப் பதில் இன்னொருவனை இறக்கச் சட்டம் கிடையாது. சுவக்கின் பூட்ஸ் மாட்டிக்கொண்டு கோட்டுக்கு வெளியே சும்மா நின்றான். மூன்று கோல் வித்தியாசத்தில் தோற்றோம்.

ஆட்டம் முடிந்து அவன் என்னிடம் வந்தான். ஏசட்டும், நானும் ஏசலாம் என்று காத்திருந்தேன்.

"என்னைப் புடிக்கலேன்னா வேற யாரையாவது போடச் சொல்லியிருக்கலாமே அண்ணே. பத்துப் பேரா ஆட விட்டுட்டீங்களே."

அவன் ஏசாமல் போனது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

நெஞ்சைச் சோதித்துவிட்டு, இனிப் பந்தைத் தொடவே வேண்டாம் என்றார் அப்போதிக்கரி. அந்த வாரமே பளீல் ஆளனுப்பி அணியின் சட்டையைக் கேட்டார். நான் மாட்டேன் என்று சொல்லுமுன்னே ஐரின் அதைத் துவைத்து மடித்துக் கொடுத்துவிட்டாள்.